பதினோரு பிள்ளைகளும் ஒரு பள்ளமும்

பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிச் செல்வது அவளுக்குப் பத்தொன்பது வருடத் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவள் ‘வேன் அக்கா’. வண்டியில் சின்னக் கீறல்கூட விழாமல் ஓட்டியவள்.

அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாலத்துக்கு முன்னால் சாலையில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் இடப்பக்கச் சக்கரம் இறங்கியது. படாரென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. பாலத்துச் சுவரை உரசியபடி எப்படியோ வண்டியை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்து எண்ணினாள். பதினொன்று. எல்லோரும் இருந்தார்கள். ஒரு சிறுமிக்கு மட்டும் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

முன் அச்சு உடைந்திருந்தது. அதைவிட மோசமாக உடைந்தது அவள் பெயர். “போன் பேசிக்கிட்டே ஓட்டியிருப்பா,” என்றார் ஒரு தகப்பன். அடுத்த நாள் ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை.

மெக்கானிக் கொடுத்த சீட்டோடு சாலைப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போய் இழப்பீடு கேட்டாள். பொறியாளர் பதிவேட்டைப் புரட்டினார்.

“அங்க பள்ளம்னு எதுவுமே பதிவாகலயேம்மா. எங்களுக்குத் தெரியாத பள்ளத்துக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?”

வெளியே வந்தவள் கணவரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பாலத்துக்குப் போனாள். அங்கே தார் வண்டி நின்றது. நான்கு பேர் ஜல்லி கொட்டத் தயாராக நின்றார்கள். ஸ்கூட்டரைப் பள்ளத்தின் விளிம்பிலேயே நிறுத்தி இறங்கினாள்.

“அண்ணே, பத்து நிமிஷம். அளந்துக்கிறேன். அப்புறம் மூடுங்க.”

“எங்க வேலைக்கு உல வச்சிராதம்மா,” என்றார் மேஸ்திரி.

“என் வேலைக்கு ஏற்கெனவே வச்சாச்சுண்ணே.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கையைக் காட்டி ஆட்களை நிறுத்தினார். அவள் மண்டியிட்டு அளவுகோலை இறக்கினாள். கை முழங்கை வரை உள்ளே போனது. அளவு தெரியும்படி போட்டோ எடுத்தாள். அவள் எழுந்ததும் மேஸ்திரி, அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லி அலுவலகம் கொடுத்த வேலை உத்தரவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அவள் பக்கம் திரும்பாமல், தன் ஆளிடம் சரிபார்ப்பதுபோல அதன் எண்ணையும் தேதியையும் உரக்கப் படித்தார், இரண்டு தடவை.

விபத்துக்கு மூன்று வாரம் முந்தைய தேதி அது.

உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மறுநாளே அந்த எண்ணைக் குறிப்பிட்டு, உத்தரவின் நகல் கேட்டு மனுப் போட்டாள். நாற்பது நாள் இழுத்தடித்த பிறகு, வேறு வழியில்லாமல் நகலைக் கொடுத்தார்கள். இழப்பீட்டு மனு மீதான விசாரணை நாளில் பொறியாளரின் முகம் இறுகியிருந்தது.

“இந்த நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா?”

மேஸ்திரியின் முகம் மனதில் வந்து போனது.

“பள்ளம் இருக்குன்னு மூணு வாரம் முன்னாடியே உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? அத மொதல்ல சொல்லுங்க.”

பொறியாளர் பதிவேட்டை மூடி வைத்தார்.

கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். பழுதுபார்த்த செலவு முழுவதையும் ‘கருணை அடிப்படையில்’ தருவதாக அதில் இருந்தது; விபத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. அவள் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினாள்.

“போட்டுட்டு வாயேன், வண்டியாவது ஓடும்,” என்றார் வாசலில் காத்திருந்த கணவர்.

“வண்டி ஓடும். பிள்ளைங்க ஏறணுமேங்க.”

அடுத்த ஆறு வாரமும் அவர் தன் தையல் கூலியில்தான் வீட்டு வாடகையைச் சமாளித்தார்.

பிறகு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் ‘சாலைப் பராமரிப்புக் குறைபாடே விபத்துக்குக் காரணம்’ என்றிருந்தது. பதினோரு நகல் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தாள். ஏழு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

கடிதம் கொடுக்கப் போன அன்று, உதடு கிழிந்த சிறுமியின் அம்மா அதை நின்றபடியே முழுக்கப் படித்தாள். “உங்க மேல தப்பில்லக்கா. ஆனா எனக்குப் பயமா இருக்கு,” என்றாள்.

“இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு வேன் அக்கா அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.