ஒரகடத்தில் நான் விட்டுக்கொடுத்த பந்துகள்

கால்பந்தில் ஓரமாக ஓடும் விங்கரின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எதிரே நிற்கிறவனைத் தாண்டிப் போகணும், அவ்வளவுதான். நான் இடது ஓரம். அதனால் எனக்கு எதிரே எப்போதும் எதிரணியின் ரைட் பேக், அதாவது வலது ஓரத்தைக் காக்கிறவன், நிற்பான். அவன் தடுமாறி விழுந்தால் கேலரி எழுந்து கத்தும், மறுநாள் என் வீடியோ ஊரெல்லாம் சுற்றும், அவன் முகம் அதில் ஓரமாக, மங்கலாக வரும். கிளப்புக்கு ஆடியது, இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குப் போனது, நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி நேரத்தில் மாற்று ஆட்டக்காரனாக இறங்கியது, எல்லாமே இப்படி விழுந்தவர்களால் கிடைத்தவை. அவர்களுக்கும் சம்பளம் உண்டு, அவர்களுடைய கான்ட்ராக்டும் ஒருநாள் முடியும் என்றெல்லாம் எனக்குத் தோன்றியதே கிடையாது.

ஒரகடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அது தோன்ற ஆரம்பித்தது.

நான் தாண்டிய முதல் ரைட் பேக் என் நண்பன். பென்னலூரில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. பள்ளிக்கூடம் விட்டதும் ஏரியில் தண்ணீர் வற்றிய பக்கமாக இறங்குவோம். நான் பந்தைத் தள்ளிக்கொண்டு வருவேன், அவன் மறிப்பான். இருட்டும்வரை இதுதான். அவனுக்கும் பந்தோடு ஓட ஆசை இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. "நீ நில்லு மச்சி, நான் வரேன்" என்பேன், அவனும் நிற்பான். சென்னையில் அகாடமி செலக்‌ஷனுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் பஸ் ஏறினோம். அந்த மாதிரி இடத்தில் தாண்டுகிறவன் கண்ணில் படுவான், மறிக்கிறவன் படமாட்டான். என்னை எடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைவிட அவன்தான் அதிகம் பேசிக்கொண்டு வந்தான்.

இப்போது அவன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. லைனில் பக்கத்தில் நிற்கும் பெர்மனன்ட் ஆள் செய்கிற அதே வேலைதான் இவனுக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கான்ட்ராக்ட் முடியும்போது, புதுப்பிப்பார்களா அனுப்பிவிடுவார்களா என்று காத்திருக்கணும். கல்யாணமாகிவிட்டது. கைக்குழந்தை இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பேன், "எப்படிடா போகுது?"

"போவுது. பெர்மனன்ட்டாகி கம்பெனி ரோல்ல ஏறிட்டா அப்பால எவன் மூஞ்சியும் பாக்கத் தேவையில்ல."

வேறு எதையும் அவன் பெரிதாக ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். "எழுதினா எழுதிக்கோ. கம்பெனி பேரு போடாத, என் பேரு போடாத. நல்லா இருந்தாலும் இல்லாங்காட்டியும் உன் பேரையும் போடாத." போடவில்லை.

அந்தக் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் ஒரு கால்பந்துப் பைத்தியம். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளையெல்லாம் சேர்த்து ஒரு டோர்னமென்ட் நடத்தினார். லீக் இடைவேளைக்கு நான் ஊருக்கு வந்திருப்பது தெரிந்து, ஃபைனலுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார். ஃபைனல் முடிந்ததும் ஜெயித்த அணிக்கு எதிராக ஒரு காட்சி ஆட்டம், அதில் தோற்ற அணியோடு சேர்ந்து நான் கொஞ்ச நேரம் ஆட வேண்டும். கிளப்பில் கேட்டேன். காலைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கா, ஒரு இடத்தில் சும்மா உட்கார வராது. விடிகிறதற்கு முன்னாலேயே பூட்ஸைப் பையில் போட்டுவிட்டேன்.

கம்பெனிக்குப் பின்னால் செம்மண் மைதானம். ஓரத்தில் வரிசையாக ஷிஃப்ட் பஸ்கள், அவற்றின் நிழலில் கம்பெனி ஹாஸ்டல் பையன்கள். ஷாமியானாவுக்குக் கீழே ஜி.எம்.முக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. நண்பனின் கம்பெனிதான் ஃபைனலில் ஆடியது, ஜெயித்ததும் அதுதான். ஜெயிக்க வைத்தவன் நடுக்களத்தில் ஆடிய ஒரு திருநெல்வேலிக்காரன். நண்பனைப் போலவே கான்ட்ராக்ட்தான், சுங்குவார்சத்திரத்தில் நாலைந்து பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன். ஒல்லி உடம்பு. பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே என்று பார்த்துக்கொள்வான். சொல்லிக்கொடுத்தாலும் பலருக்கு வராத பழக்கம் அது. ஒரே கோல், அதையும் அவன்தான் போட்டான். ரைட் பேக்காக நின்ற நண்பனுக்கு வேலையே வரவில்லை. எதிரணி அவன் பக்கம் வரவேயில்லை.

ஜி.எம். என் பக்கம் சாய்ந்தார்.

"இந்த டீம்ல ரெண்டு பேரை கம்பெனி ரோல்ல எடுக்கறதா ஹெச்.ஆர்.ல பேசிட்டேன் தம்பி. கீப்பர் கன்ஃபர்ம். இன்னொரு இடந்தான் குழப்பம். அந்த மிட்ஃபீல்ட் பையன் பிரமாதமா ஆடறான், இல்லையா? ஆனா ரைட் பேக் சீனியர். இன்னிக்கு அவனுக்கு டெஸ்ட்டே வரல. நீங்க லெஃப்ட் விங்தானே? இறங்குங்க. உங்க முன்னாடி எப்படி நிக்கறான்னு பார்த்துட்டு இன்னிக்கே மைக்ல சொல்லிடறேன்."

நான் பையிலிருந்து பூட்ஸை எடுத்தேன்.

"அவனும் பென்னலூராமே, தெரியுமா?"

"பக்கத்துத் தெரு சார்" என்றேன். பொய் இல்லை. என் நெருங்கிய நண்பன், என்னை வைத்து அவனைச் சோதிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன்.

முதல் பந்து வந்ததுமே உடம்பு முந்திக்கொண்டது. உள்ளே வெட்டுவதுதான் என் பழக்கம், அது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் உள்பக்கத்தை அடைத்து நின்றான். முகாமில் கற்ற புது அசைவு ஒன்று என் காலில் தயாராக இருந்தது. உள்ளே வருவதுபோல் தோளை இறக்கி, வெளியே போனேன். அவன் இரண்டு காலும் பின்னிக்கொண்டு விழுந்தான். பஸ் நிழலில் இருந்தவர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். "அண்ணன் எங்கப்பா கீறாரு? தேடுங்கப்பா!" என்று எவனோ கத்த, மைதானமே சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் செம்மண்ணோடு அவனும் சிரித்துக்கொண்டே எழுந்தான். ஷாமியானாவில் ஜி.எம். பக்கத்து ஆளின் காதில் ஏதோ சொன்னார்.

ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை இப்போதுதான் காலால் தள்ளினேன் என்று பட்டது.

அடுத்த பந்தை அவன் காலடியிலேயே விட்டேன். அதற்கடுத்ததையும். மூன்றாவது முறை பந்தை எடுத்துக்கொண்டு போனவன், கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

"டேய், இன்னா பண்ணிகினு கீற? கால்ல அடியா?"

"இல்லடா. சும்மா ஆடு."

"மச்சி, உன்ன எனக்குத் தெரியாதா? ஒழுங்கா ஆடுறா, ஜனம் பாக்குது."

சொல்லிவிட்டேன். இரண்டு இடம், ஒன்று கீப்பருக்கு, இன்னொன்று உனக்கா அந்த மிட்ஃபீல்டுக்கா என்று ஜி.எம். இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். பிச்சை போடுகிறாயா என்று கேட்பான், என்னைத் தள்ளிவிட்டுப் போவான், அப்படி ஏதாவது. அவன் ஷாமியானாவைப் பார்த்தான். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு, டி.வி.யில் பெரிய ஆட்டக்காரர்கள் செய்வதுபோல, மெதுவாகச் சொன்னான்.

"அப்போ நல்லா விடுறா, பேமானி. நீ பண்றது பச்சப்புள்ளைக்கே தெரியும். ஸ்பீடா வா. உள்ள வெட்டு. நான் சறுக்கி எடுக்கறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஆடியது கால்பந்து இல்லை. ஆனால் பார்க்க அருமையாக இருந்திருக்கும். நான் முழு வேகத்தில் வந்தேன், அவன் சரியான இடத்தில் சறுக்கினான், மண் பறந்தது. ஏரிக்கரையில் அத்தனை வருஷம் பழகியது சும்மா போகுமா? என் கால் எப்போது பந்தை விட்டு விலகும் என்று அவனுக்குத் தெரியும், அந்த நேரத்தில் விலக்கினேன். முன்பு அவனைப் பார்த்துச் சிரித்தவர்களே இப்போது அவனுக்குக் கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. கடன் எதையோ அடைத்துவிட்ட மாதிரி.

ஜி.எம். மைக்கைப் பிடித்தார். இந்தியாவுக்கு ஆடும் விங்கரையே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட நம்ம ரைட் பேக் என்றார். நண்பனின் பெயரைச் சொன்னார். கீப்பரும் அவனும் மேடையேறினார்கள். மாலை, சால்வை.

திருநெல்வேலிக்காரன் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஒங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?"

எடுத்துக்கொண்டான். வியர்வையோடு அவன் தோள் என் தோளில் இடித்தது. "நல்லா ஆடுனியண்ணே" என்றான். கேலியா மரியாதையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதுவரை அவனை ஒரு ஆளாகவே நான் நினைத்திருக்கவில்லை. நண்பன், நண்பனின் குழந்தை, ஜி.எம்., நான், இத்தனை பேர் என் கணக்கில் இருந்தார்கள். அன்றைக்கு அந்த மைதானத்தில் உண்மையாகவே ஆடியவன் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

இந்திய முகாமில் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுப்பார்கள். வேண்டுமென்றே பந்தை விடச் சொல்லி யாராவது கேட்டால் உடனே தெரிவிக்கணும், பணத்துக்காகக் கேட்டாலும் சரி, நட்புக்காகக் கேட்டாலும் சரி. முதல் வருஷம் அந்த வகுப்பில் நான் கை தூக்கி, "நட்புக்காக எவன் சார் கேட்பான்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானே போய்க் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து நண்பன் கூப்பிட்டான். வெளியூரில் மேட்சுக்காக ஹோட்டல் அறையில் இருந்தேன்.

"மச்சான், அந்தத் தின்னவேலிப் பையனுக்கு ரெனிவல் குடுக்கல. இன்னியோட கடைசி. எனக்கு ஒரு மாதிரி கீதுடா. அவனாண்ட சொல்லிடட்டுமா?"

"என்னன்னு சொல்லுவ?"

"நடந்தத. வேற இன்னா?"

இந்திய முகாமுக்கான பெயர்கள் அந்த வாரம்தான் வர இருந்தன. "இப்ப வேணாம்டா" என்றேன். "சரி, உனக்கு இன்னா சரியோ" என்று வைத்துவிட்டான். அவன் வேலைக்காகப் பொய்யாக ஆடிய நான், என் வேலைக்காக அவன் வாயையும் மூடினேன்.

பெயர் வந்தது. போனேன். ஒரு சர்வதேச ஆட்டத்தில் கடைசிக் கால் மணி நேரம் இறக்கினார்கள். பந்து வந்தது, எதிரே வேறு நாட்டு ரைட் பேக், அவனுக்குப் பின்னால் திறந்து கிடந்தது மைதானம். நான் பந்தைப் பின்னால் தட்டிக்கொடுத்தேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் பின்னால். கோட்டோரத்தில் நின்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். ஆட்டம் முடிந்ததும், "தாண்டத்தானே உன்னை வைத்திருக்கிறோம்?" என்று மட்டும் கேட்டார். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன்.

ஊருக்கு வந்த மறுநாள் காலையிலேயே சுங்குவார்சத்திரம் போனேன். நண்பன்தான் விசாரித்துச் சொல்லியிருந்தான், அந்தப் பையன் இப்போது வேறொரு கம்பெனியில், அதுவும் கான்ட்ராக்ட்தான். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவனை டீக்கடையில் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்தில் இருந்தவனிடம், "ஏல, யாருன்னு தெரியுதா?" என்றான். கூட வந்தவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தான். டீ வந்ததும் நான் வேகவேகமாக எல்லாவற்றையும் கொட்டினேன். ஜி.எம். சொன்னது, நான் விட்டது, நண்பன் கேட்டபோது வேண்டாம் என்றது.

அவன் டீயை ஆற்றியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும்ணே" என்றான்.

"எப்படி?"

"நான் நடுவுலதான நின்னேன். ஒங்க கால் பந்த விட்டு வெலகுனத பாத்தேம்லா."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்ட்ட போய்ச் சொல்ல? நீங்க இந்தியாக்கு ஆடுத ஆளு. நான் சொன்னா, வயித்தெரிச்சல்ல பேசுதான்னு சொல்லுவாவ." டம்ளரைக் கீழே வைத்தான். "அந்த அண்ணனும் பாவம். கைப்புள்ள இருக்குல்லா."

மன்னிப்பு கேட்கத்தான் வந்திருந்தேன். அதற்குள் அவன் குறுக்கிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. அன்னிக்கு ஒங்களுக்கு எதுத்தாப்ல நான் நின்னுருந்தா, எனக்கும் விட்டிருப்பியளா?"

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஏதாவது இதமாகச் சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அவன் நேராக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. தாண்டிப் போயிருப்பேன்" என்றேன்.

அவன் தலையாட்டினான். "அதாம்ணே. அதத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, ரூமில் தண்ணீர் நின்றுவிடும், குளிக்கணும் என்று எழுந்து போனான்.