நாலு மணி நேரம் ஓடுது

காட்பாடி மெர்சிக்கு நாற்பத்தொரு வயது. பத்து வருடமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது: “உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதுக்கு இன்னொரு காப்பி வேற ஊர்ல இருக்கணும்.” சின்னக் கம்பெனிகளின் ஃபைல்களை நெட் வழியாக வாங்கி வெளியூரில் பத்திரமாக வைப்பதுதான், அதாவது பேக்கப்தான், வேலூரில் எங்கள் ஆபீசின் தொழில். வாடிக்கையாளர்களைக் கட்டி மேய்ப்பது மெர்சி. பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டரோடு மாரடிப்பது ஷர்மிளாவாகிய நான்.

மேய்ப்பது லேசுப்பட்ட காரியமா? ஒருத்தர் காப்பியைப் பென் டிரைவில் போட்டு, அதே கம்ப்யூட்டரின் தலைமேல் டேப் போட்டு ஒட்டி வைப்பார். இன்னொருத்தர், “வீட்ல ஒண்ணு இருக்குது மேடம்” என்பார். வீடு எங்கே? கம்பெனிக்கு மேல்மாடி! மெர்சி டிபன் பாக்ஸை மூடுகிற சத்தத்திலேயே இன்று யார் மாட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அதே ஆளுக்கு அவளே போன் போட்டு, “கோச்சிக்காதீங்க சார்” என்று ஆரம்பிப்பாள்.

அவள் மெச்சிய ஒரே ஆள் மேல்விஷாரம் ஆபித் பாஷா. லேடீஸ் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட் அவருடையது. மாதம் தவறாமல் அவருக்குப் போன் போடுவாள்.

“பாய், பேக்கப் ஒழுங்கா ஓடுதா?”

“ஜோரா ஓடுது மெர்சிம்மா. நாலு மணி நேரம் ஓடுது.”

“பெரிய பெரிய ஃபைலாச்சே, நாலு மணி நேரம் ஆவத்தான் செய்யும்” என்று என்னிடம் பெருமையாகச் சொல்லுவாள்.

போன ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆபித் பாஷாவின் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. அங்கே பேட்டர்ன், அதாவது தோலை வெட்டுவதற்கான அளவுப் படம், போடுகிற ரஃபத் ஜஹான் ஐந்து மாதம் உட்கார்ந்து வரைந்த புது மாடல் முழுவதும் அதில்தான். அவள் தனியாகச் செய்த முதல் மாடல். திங்கட்கிழமை தோல் வெட்டத் தொடங்காவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். “அழாதம்மா, எல்லாம் நம்மகிட்ட பத்திரமா இருக்குது” என்று போனில் சொல்லிவிட்டு மெர்சி திறந்து பார்த்தாள். கடைசிக் காப்பி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. புது மாடலில் ஒரு கோடுகூட இல்லை.

ஸ்கூட்டியில் நாங்கள் இருவரும் மேல்விஷாரம் போய்ச் சேருகிற வரை அவள் வாய் திறக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் திறந்தாள்.

“ஏழு மாசமா ஓடுது ஓடுதுன்னு பொய் சொல்லி இருக்கீங்களே பாய்!”

“பொய்யா? நானா?” அவருக்கும் கோபம் வந்துவிட்டது. எங்களை இழுத்துக்கொண்டு போய் மூலையில் காட்டினார். பளபளவென்று துடைத்து வைத்த இன்வெர்ட்டர். “நீங்க மாசாமாசம் கேக்கறீங்களேன்னு நானே தண்ணி ஊத்தி பாத்துக்கறேன். பேக்கப் கம்மியாய்டக் கூடாதுன்னு இதுல மாட்டியிருந்த நெட்டு டப்பாவக்கூட கழட்டி வெச்சிட்டேன். மெயில்லாம் போன்லயே வருதில்ல?”

அட ஆண்டவரே! எங்கள் பக்கத்தில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்குகிற நேரத்துக்குப் பெயர்தான் பேக்கப். குழந்தைக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

மெர்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “தப்பு என்னுது பாய். நான் கேட்ட கேள்வியே தப்பு” என்றாள். ரஃபத் ஜஹான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்த மாடல்ல தைச்ச சாம்பிள் ஷூவப் பிரிச்சா துண்டு துண்டா வெச்சி மறுபடி வரைஞ்சிடலாம்க்கா. ஒரு கால் போதும்” என்றாள்.

ஆபித் பாஷா பதறினார். “அது ஆர்டர் குடுத்த பையர் கையெழுத்து போட்ட சாம்பிள்! நம்மகிட்ட ஒரு ஜோடி, அவங்ககிட்ட ஒரு ஜோடி. இன்னா தகராறு வந்தாலும் அத வெச்சித்தான் பேசணும். கை வெக்கக் கூடாது.”

“இன்னொரு ஜோடி அவங்ககிட்ட பத்திரமா இருக்குதில்ல? நம்ம ஜோடி போனாலும் அது இருக்கும். பத்து வருஷமா நான் கத்திக்கினு இருக்கிற பேக்கப் அதான் பாய்!”

“யா அல்லா! இத அப்பவே இப்படிச் சொல்றதுக்கு இன்னா?” என்று அவர் பீரோவைத் திறந்தார்.

திங்கள் மதியம் தோல் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆர்டர் கைவிட்டுப் போகாமல் தப்பியது. ஆனால் எனக்கு இன்னும் ஆறாதது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான். ஆளுக்கொரு பிளேடு வைத்துக்கொண்டு நாங்களும் ரஃபத்தோடு தையல் பிரித்துக்கொண்டிருந்தோம். அதுவரை நான் ஒன்றைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீசில் ஒரு திரை உண்டு. காப்பி வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. தினமும் அதைப் பார்த்து மெர்சியிடம் சொல்வது என் வேலை. பாதிப் பேர் எந்நேரமும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதால் சிவப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் மரத்துவிட்டது. மேல்விஷாரம் ஏழு மாதமாகச் சிவப்பு.

ரஃபத் தண்ணீர் குடிக்கப் போனபோது சொன்னேன். “மெர்சி... அந்த சிவப்பு...”

“தெரியும். காலையிலயே பாத்தேன்” என்றாள், தலை நிமிராமல். “பேசாம தையலப் பிரி. தோல் கிழிஞ்சிடப் போவுது.”