வாசல் கதவில் பிணவாடை

ஃபென் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன நாட்டில், பிரபு வீட்டுத் தேருக்கும் கதவுக்கும் சவப்பெட்டிக்கும் வெண்கலப் பூண் பொருத்துகிறவன் ஹெங். முறுக்கிய கொம்பும் பிதுங்கிய கண்ணுமாக, வாயில் வளையத்தைக் கவ்வியிருக்கும் மிருக முகங்கள் என்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை. கிழட்டுப் பிரபு செத்த கோடையோடு அந்த ஆசை போயிற்று.

பிரபுவுக்கு இரண்டு மகன்கள். எவன் அடக்கம் செய்கிறானோ அவனுக்குத்தான் பட்டம் என்பதால், ஒருவன் மற்றவனைப் பிணத்தை நெருங்க விடவில்லை. இறந்தவர் கட்டிலுக்கு அடியில் பனிக்கட்டித் தொட்டி வைப்பது முறை. நிலவறையில் இருந்த பனிக்கட்டியை எல்லாம் இளையவன் தன் மதுவைக் குளிர வைக்க எடுத்துக்கொண்டான். பிணம் கூடத்திலேயே கிடந்து ஊதி, வெடித்து, ஒழுகிற்று. தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஒருவழியாக அண்ணனை நாட்டைவிட்டே துரத்திய பிறகுதான் இளையவனுக்கு அப்பன் நினைவு வந்தது. பெட்டிக்கு நான்கு மிருக முகங்கள் பொருத்த ஹெங்கை அழைத்தார்கள். கூடத்தில் கால் வைத்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியின் இடுக்கிலிருந்து புழுக்கள் நெளிந்து வந்து அவன் உளியின் மேல் ஏறின. இரண்டு தடவை வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து வேலையை முடித்தான்.

அடக்கத்தன்று இளையவன் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து ஹெங்குக்கு மறுபடியும் குமட்டியது. வளையங்களில் கயிறு கோத்துப் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். கூட்டம் கலைந்ததும் பிரபு வீட்டுக் காரியக்காரன் யான், துணியில் முடிந்த வாசனை மிளகை முகர்ந்தபடி அவனிடம் வந்தான்.

“பெட்டிதான் எறங்கியாச்சே, இனிமே வளையம் எதுக்கு? நாலையும் கழட்டிட்டு வா. புது மாளிகைக் கதவுக்கு வேணுமாம்.”

“ஐயா, அது செத்தவரோட போற பொருளுங்க.”

“பொணமா எழுந்து வந்து கேக்கப் போவுது? எறங்குடா.”

மறுத்தால் அவனையும் சேர்த்து மூடிவிடுவார்கள். இறங்கினான். முகங்களின் கண்குழியிலெல்லாம் பிணநீர் தேங்கியிருந்தது. கழற்றும்போது அது முழங்கைவரை வழிந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும், ஆற்று மணலில் உரசியும் கைவாடை போகவில்லை. அவன் மனைவி வெய், “அந்தக் கையோட கஞ்சிப் பானையத் தொட்டுடாதீங்க, நானே ஊட்டி விடறேன்” என்றாள். ஊட்டிய கஞ்சியும் வயிற்றில் தங்கவில்லை.

புதுப் பிரபு பட்டமேற்ற நாளில் படையல் கறியை வேலைக்காரர்களுக்குத் தன் கையாலேயே பங்கிட்டான். புது மாளிகைக் கதவில் பொருத்தியிருந்த அந்த வளையத்தைத் தட்டிப் பார்த்து அழகு அழகு என்று மெச்சிவிட்டு, அதே கையால் ஒரு கொழுத்த துண்டை ஹெங்கிடம் நீட்டினான். ஹெங் கை நீட்டவில்லை.

“வாங்கித் தின்னுடா,” என்று யான் பல்லைக் கடித்தான்.

“முடியாதுங்க. இவரு அப்பா அழுகின நாத்தம் இன்னும் என் கையில இருக்கு. இப்ப இவரு கையிலயும் இருக்கு.”

பிரபு தன் விரல்களைப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் வாயிலிருந்த கறியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்கள். ஹெங்கின் முதுகுத்தோல் உரியும்வரை சாட்டையால் அடித்து, ஊரை விட்டு விரட்டினார்கள்.

வெய் அவனைத் தாங்கிப் பிடித்து ஆற்றைக் கடந்து தன் தம்பி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவன் மாட்டுவண்டிச் சக்கரம் செய்து பிழைத்தான். வெறும் மரவேலை. குளிர்காலம் பிறந்த பிறகுதான் சோறு இறங்கியது.

சில வருடம் கழித்து அண்ணன்காரன் படையோடு திரும்பி வந்து தம்பியைக் கொன்றான். தம்பியின் சவப்பெட்டிக்குப் பூண் அடிக்க ஹெங்தான் வேண்டும் என்று ஆள் அனுப்பினான். பிணம் புதைக்காமல் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஹெங் கேட்டான். வந்தவன் மடியில் முடிந்திருந்த வாசனை மிளகை எடுத்து முகர்ந்தான்.

“அண்ணனும் தம்பியும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்,” என்று காறித் துப்பிவிட்டு வெய் கதவைச் சாத்தினாள்.