துண்டு போட்ட சீட்

தர்மபுரியில் பென்னாகரம் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். ஏறிப் பார்த்தால், தடித்த கண்ணாடி அணிந்த ஒருவர் என் துண்டை மடித்து மடியில் வைத்தபடி அங்கே உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க, துண்டு என்னுது" என்றேன்.

"இங்கிலீஷ்ல 'ஸ்டாண்ட்'னு சொன்னா, யாருக்குச் சொல்றோம்னே அதுல இருக்காதுங்க. லோஜ்பான்னு புதுசா உருவாக்குன மொழி ஒண்ணு இருக்குது. அதுல 'கோ' சேக்கணும். 'நீங்க இதை நெசமாக்குங்க'ன்னு அர்த்தம்."

சீட்டை அமுக்கத்தான் இந்தக் கதை என்று எனக்குப் பட்டது. "அப்ப நில்லுங்கன்னு அதுல எப்படிங்க சொல்றது?"

"கோ சன்லி" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் துண்டை நீட்டினார்.

அது பதிலா, உத்தரவா என்று இன்றைக்கும் சந்தேகம். ஆனால் பென்னாகரம் வரை நின்றபடியே வந்து அதை நிஜமாக்கியவன் நான்தான்.