மீன்கடை அக்கா சொன்ன வரி

மலேசியாவில், கிள்ளான் பாசாரில் மீன் விற்கும் ஓர் அக்காவைக் கேட்காமலே படமெடுத்து, ‘வறுமையின் முகம்’ என்று சமூக ஊடகத்தில் போட்டேன். லைக்குகள் குவிந்தன. மறுவாரம் அவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“நான் ஏழைன்னு உனக்கு யாரு தம்பி சொன்னா? இது என் சொந்தக் கடை. அந்தப் படத்தப் பாத்து கேலி பண்ணாங்கன்னு என் மக காலேஜ்லேர்ந்து அழுதுகிட்டே வந்தா.”

வெட்கத்தில் கணக்கையே மூடினேன். ஓராண்டு கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் பெரிய கொடுவா மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

“இப்ப எடு லா. ‘கடை முதலாளி’ன்னு எழுது.”

அந்தப் படத்தோடுதான் புதுக் கணக்கு தொடங்கிச் சமூக ஊடகத்துக்குத் திரும்பி வந்தேன். இப்போது யாரைப் படமெடுத்தாலும், படத்தில் இருப்பவரிடமே காட்டி, அவர் சொல்லும் வரியைத்தான் எழுதுகிறேன். லைக்குகள் குறைவுதான். ஆனால் நான் படமெடுத்த எவரைத் தெருவில் பார்த்தாலும் நின்று பேச முடிகிறது.