பதில் வந்தால் எழுந்து வரலாம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தபோது ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நீல முக்காலி காலியாக இருந்தது. சுற்றியிருந்த மூன்று நாற்காலிகளிலும் ஆட்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முக்காலியைப் பார்த்தபடி நான் நின்றேனே, அப்போதுதான் எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. மனிதன் நிலாவில் கால் வைத்ததற்கு முந்தைய வருடம் அது. இத்தனை காலத்துக்குப் பிறகும் ஆறு மணி அடித்தால் என் கண் தானாக அந்த முக்காலியின் பக்கம் திரும்புகிறது.

முக்காலி என் மகளுடையது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. நாற்காலிகள் ‘விண்வெளி வாசகர் மன்ற’த்தின் மற்ற உறுப்பினர்களுடையவை. மன்றத்தை நடத்தியவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். காலையிலிருந்து மாலைவரை தலையில் கருவியை மாட்டிக்கொண்டு பலகையில் கம்பிகளைச் செருகிச் செருகி எடுப்பது அவள் வேலை. அந்தக் கருவி அழுத்திய பள்ளம் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவள் தலைமுடியில் மறையாது. “நாள் பூரா யாரோ யார்கூடவோ பேசறதுக்கு நான் கம்பி சொருவிகினு கீறேன் அண்ணி. ஒருத்தராச்சும் என்னாண்ட பேசறாங்களா?” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் கம்பியே இல்லாமல் ஒரு மனம் இன்னொரு மனத்தோடு பேசும் கதைகள் அவளை ஏன் அப்படிப் பிடித்து ஆட்டின என்று எனக்குப் புரிவதற்கு அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது.

புத்தகங்கள் கப்பலில் வந்தன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவர் அடுத்த தெருவில் குடியிருந்தார். நீண்ட பயணம் வந்த மாலுமிகள் படித்துத் தீர்த்த ஆங்கில அறிவியல் கதைகளை ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டு வருவார். இரண்டாவது நாற்காலி அவருடையது. பெரும்பாலும் அட்டை இருக்காது. சிலவற்றில் முதல் அத்தியாயமும் இருக்காது. அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. என் நாத்தனார் வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் ரயிலில் படித்து, ஞாயிறு மாலை தமிழில் கதையாகச் சொல்வாள். என் மகள் அகராதியோடு முக்காலியில் உட்கார்ந்து, அத்தை தாண்டிப் போகும் வரிகளைப் பிடித்து நிறுத்துவாள்.

மூன்றாவது நாற்காலி, தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் ஒரு வாரம்கூடத் தவறமாட்டார். எந்தக் கதையானாலும் அவருக்கு ஒரே கவலைதான். “எல்லாம் சரிதான். மூணு வருசப் பயணம் போறான்லா, கப்பல்ல உப்பு எவ்வளவு ஏத்துனான்னு போடவே இல்லையே?” என்று கேட்பார். கிரேன்காரருக்கு அந்த உப்பை யார் எப்படி ஏற்றினார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். இருவரும் அதையே பேசி ஒரு மாலையை ஓட்டிவிடுவார்கள். என் மகள் மட்டும் அவ்வப்போது, “அந்த ஊர்ல அம்மாங்க இருக்காங்களா அத்தை?” என்று கேட்பாள். அடுக்களையிலிருந்து அதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

ஜன்னலில் ஒரு சிலேட்டுப் பலகையில் மன்றத்தின் பெயரை எழுதி மாட்டியிருந்தார்கள். அந்த நாளில் எங்கள் பக்கம் மன்றம் என்றாலே அதற்குப் பின்னால் ஒரு கட்சிக்கொடி இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று, “இது எந்தக் கட்சி மன்றம்மா?” என்று கேட்பார்கள். “வானத்துக் கட்சி. எலக்சன்ல நிக்க மாட்டோம், பயப்படாதீங்க” என்பாள் என் நாத்தனார். பக்கத்து வீட்டு மீன்காரம்மாவுக்கு மட்டும் இதில் சிரிப்பு வரவில்லை. அவள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் ‘பேஜாரு சங்கம்’. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மனிதர்கள் தூங்க வேண்டும், அல்லது சண்டை போட வேண்டும், இதென்ன இல்லாத ஊரைப் பற்றி மணிக்கணக்கில் பேச்சு என்பது அவள் கட்சி.

அந்த மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதையில் வரும் ஒரு காரியத்தை முடிந்தவரை செய்துபார்த்துவிட்டுத்தான் அடுத்த கதைக்குப் போவார்கள். ஒரு கதையில் ஆட்கள் மாத்திரையை விழுங்கிப் பசியாறினார்கள் என்பதற்காக, ஒரு நாள் முழுவதும் பொட்டுக்கடலையை எண்ணித் தின்றார்கள். அன்று இரவு அண்ணாச்சி எங்கள் வீட்டில் சாப்பிட்ட சோற்றின் அளவை நான் மறக்க முடியாது. இதிலெல்லாம் ஆபத்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நானும் பள்ளி இறுதிவரை படித்தவள்தானே, இது விளையாட்டு என்று எனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

அன்றைய கதையில் நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறவர்கள் வாய் திறக்காமல் மனத்தாலேயே பேசிக்கொண்டார்கள். செய்துபார்க்கும் முறையை என் நாத்தனார் வகுத்தாள். ஆளுக்கோர் இடத்துக்குப் போக வேண்டும். எங்கே என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் சோதனை கெட்டுவிடும். உட்கார்ந்ததும் காதில் பஞ்சு வைத்து, கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, கடைசியாகக் கண்ணில் பட்டதையே நினைக்க வேண்டும். அவள் கூடத்தில், மொட்டைமாடியில் கட்டிய ஏரியல் கம்பி வந்து சேரும் ரேடியோவுக்கு அடியில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டு, ‘வா’ என்று மனத்தால் பதில் அனுப்புவாள். பதில் வந்தால் எழுந்து வரலாம். அதற்கு முன் எழுந்திருக்கக் கூடாது.

மகளை அனுப்ப நான் ஒரு நிபந்தனை போட்டேன். “தெருவத் தாண்டக் கூடாது. கடல் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது.” அவள் தலையை ஆட்டினாள். நாலரை மணிக்கு, அத்தையின் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஐந்தரை மணிக்குள் கிரேன்காரர் வந்துவிட்டார். “வந்துச்சுமா, ‘வா’ன்னு தெளிவா வந்துச்சு” என்றார். அடுத்து அண்ணாச்சி வந்தார். “பக்கத்துல நின்னு கூப்பிட்ட மாரி இருந்துச்சு” என்றார். என் நாத்தனாரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்தில் முக்காலியை ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு மணி அடித்தது.

தெரு முழுக்க நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டேன். சத்தம் இல்லை, இறங்கிவிட்டேன். வீடு வீடாகக் கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. எங்கே போனாள் என்று யாரைக் கேட்பது? சொல்லக்கூடாது என்பதுதானே சட்டம். கிரேன்காரர் துறைமுக வாசலுக்கு ஓடினார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார். கணவருக்கு மாலை ஷிப்டு. நான் மூச்சிரைக்க வீட்டுக்குத் திரும்பினால், என் நாத்தனார் கண்ணைக் கட்டிக்கொண்டு ரேடியோவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள்!

நான் அந்தத் துணியைப் பிடுங்கி எறிந்தேன். “எம் பொண்ணக் காணோம், நீ இன்னும் வெளையாடிகினு கீறியா?” என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். “வெளையாடல அண்ணி. வேற எப்படித் தேடறதுன்னு தெரியல. சத்தியமா ஒண்ணே ஒண்ணு தெரியுது. தண்ணி.”

ராயபுரத்தில் ஒரு தாயிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அடுத்த நிமிடம் நான் கடற்கரையில் நின்றேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கட்டுமரங்களுக்கு இடையில் ஓடினேன். இருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு அலையும் எதையோ கொண்டுவந்து போடுவது போலத் தெரியும், பிறகு அது வெறும் நுரையாக இருக்கும். தூறல் விழ ஆரம்பித்தது. வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவர், “சின்னப் பொண்ணு எதுவும் இந்தாண்ட வர்லமா, வூட்டுக்குப் போ, வந்துரும்” என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் திரும்பி நடந்தேன்.

இதை நான் எழுதுவது ஒன்பது வருடம் கழித்து. என் மகளுக்கு இப்போது இருபது வயது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு வாரம் கடிதம் வராவிட்டால், தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலுக்கு எதிரே இந்த முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். நீலம் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. என் நாத்தனார் கிரேன்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு விம்கோ நகரில் இருக்கிறாள். அங்கேயும் மன்றம் நடக்கிறது, எட்டு நாற்காலிகளாம். அண்ணாச்சி பஸ் ஏறிப் போய்வருகிறார். “கடுதாசி வர்லேன்னா இன்னா அண்ணி, கண்ண மூடிகினு உக்காருங்களேன்” என்று போனமுறை வந்தபோது என்னைக் கிண்டல் செய்தாள். அன்று ‘தண்ணி’ என்று தான் சொன்னது சரியாகத்தானே இருந்தது என்று இன்றுவரை வாதாடுகிறாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கடற்கரையிலிருந்து நான் திரும்பியபோது எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். போன இடங்களிலிருந்து வெறுங்கையோடு வந்திருந்தார்கள். கிரேன்காரர் தலையிலிருந்த துண்டைக் கையில் பிழிந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவள் பக்கத்து வீட்டு மீன்காரம்மா. ஒரு கையில் கருவாட்டுக் கூடை. இன்னொரு கையில், மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி, என் மகள்.

“இன்னாமா, ஊரையே கலக்கிகினு கீறீங்க! உம் பொண்ணு உந்தல மேலயே குந்திகினு கீது. தூறல் வருதேன்னு கருவாடு வார மாடிக்குப் போனா, உங்க தண்ணித் தொட்டி மேல, ரேடியோ கம்பிக்குக் கீழ, கால தொங்கப் போட்டுகினு கீது. கண்ணுல துணி, காதுல பஞ்சு! கூப்ட்டா காதுல விழாது, வுழுந்தா எலும்பு மிஞ்சாது. சொவரு ஏறிக் குதிச்சு, பின்னாலேந்து இடுப்பக் கெட்டியாப் புடிச்சேன். வாரா வாரம் வானத்தப் பத்திப் பேசறீங்களே, ஒருத்தனாச்சும் அண்ணாந்து பாத்தீங்களா?”

நான் மகளைக் கட்டிக்கொண்டேன். தலை முழுக்கக் கருவாட்டு வாசனை. அவள் என்னிடமிருந்து மெல்ல விலகிப் போய்த் தன் முக்காலியில் உட்கார்ந்தாள். காதிலிருந்த பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தாள்.

“தெருவத் தாண்டல அத்தை. உயரத்துல இருந்தா நல்லாப் போய்ச் சேரும்னுதான் அங்க ஏறினேன். எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா? பதில் வரவே இல்ல. கடைசியில கருவாட்டு வாசனை வந்துச்சு, அதான் பதிலோன்னு நெனச்சேன்.”

பிறகு மற்ற இரண்டு நாற்காலிகளின் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“உங்களுக்கெல்லாம் வந்துச்சா மாமா?”

கிரேன்காரர் துண்டை இன்னொரு முறை பிழிந்தார். அதில் சொட்டத் தண்ணீர் இல்லை. அண்ணாச்சி என் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், ஆறிப்போயிருந்த நான்காவது தம்ளரைப் பார்த்தார்.

“இல்ல தாயி” என்றார். “டீ குடிக்கணும் போல இருந்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்.”