கழுவிக் கவிழ்த்த கோப்பை

பதினோராம் வகுப்புப் படிக்கும்போது என் மகள் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது. போரைப் பற்றியல்ல, அதற்கு முந்திய இழுபறிகளைப் பற்றி. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஸ்காபரோவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் கடதாசிகளைப் பரப்பிவைத்து எங்களுக்குப் பேசிக் காட்டினாள். புதிதாகச் சேரும் மாநிலங்களில் அடிமை வைத்திருக்கலாமா கூடாதா என்று வடக்கும் தெற்கும் பிடுங்குப்பட்டதை, தப்பியோடியவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன சட்டத்தை, அதற்குப் பயந்து எல்லை தாண்டி இந்த ரொறொன்ரோவரைக்கும் வந்த சனங்களை.

எங்களுக்கு என்றால் எனக்கும் அண்ணைக்கும். அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல, ஊர்க்காரர். இருவருக்கும் பிறம்ரனில் ஒரே வெயார்ஹவுசில் வேலை. எட்டு வருடமாக அவருடைய காரில்தான் போய்வந்தேன். சனிக்கிழமைகளில் தேத்தண்ணி குடிக்க வருவார். "தம்பி, எப்பிடியடா?" என்றபடிதான் உள்ளே வருவார்.

ஊரில் அப்படிக் கூப்பிட்டிருந்தால் என் அப்பா அவரைச் சும்மா விட்டிருக்கமாட்டார். அண்ணையின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு அடிமை குடிமை. அவருடைய அம்மா எங்கள் முற்றத்தில் நெல்லுக் குத்துவார். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் கூப்பிடாமலே வந்து வேலை செய்ய வேண்டும், மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையில்தான். குடித்ததும் தானே கழுவி வேலியில் செருகிவிட்டுப் போவார். இதைப் பற்றி நானும் அண்ணையும் எட்டு வருடத்தில் ஒரு சொல் பேசியதில்லை. பேசாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

"அப்பா, வெயிட்," என்றாள் மகள். "எங்கட ஆக்களும் ஸ்லேவ்ஸ் வச்சிருந்தவையா?"

"சீச்சீ, எங்களிட்டை உதொண்டும் இருக்கேல்லை பிள்ளை."

யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கடதாசியை எடுத்தாள்.

அண்ணை மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழுந்து குசினிக்குப் போனார். எட்டு வருடமாக மேசையிலேயே விட்டுவிட்டுப் போகும் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"அங்கிள், விடுங்கோ, நான் கழுவுறன்."

"இருக்கட்டும் பிள்ளை. பழகின வேலைதானே."

அவர் சப்பாத்தைப் போடும்வரை நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காரில் ஏறியதும் சொன்னேன். "அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கேன் சொல்லுறீர்? எனக்குத் தெரியாததே? பிள்ளைக்குச் சொல்லும்." அதுவரை அவர் என்னோடு 'அடா' போட்டுத்தான் பேசுவார், 'நீர்' என்று சொன்னதில்லை.

நான் சொல்லவில்லை. அவள் வகுப்பில் பேசி முடிக்கட்டும் என்றிருந்தேன், பிறகு ஆண்டிறுதிச் சோதனை முடியட்டும் என்றிருந்தேன். எங்கள் போரைப் பற்றி அவளுக்கு மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன், மற்றவன் எங்களுக்குச் செய்த அநியாயங்களை ஒன்றுவிடாமல். அந்தச் சிரட்டையைச் சொல்ல மட்டும் நா எழவில்லை. என் அப்பாவை வேறு கண்ணால் பார்ப்பாள் என்று பயந்தேன். அப்பாவை என்ன, என்னைத்தான்.

சில வாரங்கள் நான் காரில் ஏறியதும் அண்ணை, "சொன்னீரோ?" என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் வருவதும் நின்றது. அந்தக் கோடையில் பிறம்ரனுக்கே வீடு மாறிப் போனார். நான் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகத் தொடங்கினேன்.

மகள் இப்போது யூனிவர்சிற்றியில் படிக்கிறாள். போன கிழமை கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, அந்த அங்கிள் ஏன் இப்ப வாறேல்லை? ஏதும் சண்டையா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வராது. வாயைத் திறந்தேன்.

"பிறம்ரன் தூரமெல்லோ பிள்ளை," என்றேன்.

"ஓம், என்ன," என்றுவிட்டுக் கோப்பையைத் துடைத்தாள். இந்த முறையும் நம்பிவிட்டாள்.